கொக்குவிலிலிருந்து தெஹிவளைக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்

கடையில் வாங்கிய ஸ்பீக்கருக்கு ஒரு வசதி உண்டு. அது வந்த அட்டைப்பெட்டி, அதற்கென்றே அளவாக வார்த்த ரிஜிபோம், மேலே போர்த்திய துணிப்பை எல்லாம் பரணில் எங்காவது கிடக்கும். வீடு மாறும்போது தூசி தட்டி எடுத்து, வந்தபடியே உள்ளே இறக்கி, ரேப் ஒட்டினால் வேலை முடிந்தது. வீட்டில் செய்த ஸ்பீக்கருக்கு அப்படி எதுவும் இல்லை. அது எங்கிருந்தும் வந்ததில்லை. எங்கள் விறாந்தையில் வெட்டி ஒட்டி, வரவேற்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததுதான் அதன் முழுப் பயணமும். அதை 400 கிலோமீற்றர் கொண்டுபோக வேண்டுமென்றால், அதற்குரிய பெட்டியையும் நாமே யோசித்துச் செய்ய வேண்டும்.

மனைவிக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தது. தெஹிவளையில் ஒரு மாடிக் குடியிருப்பு கிடைத்தது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீடு அப்படியே இருக்கும், சாமானில் பாதிதான் போகும். அலுமாரி, கட்டில், தையல் மெஷின், குசினிச் சாமான் இவற்றைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. கட்டவும் ஏற்றவும் தெரிந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. எத்தனையோ தடவை கட்டி ஏற்றிய ஊர் இது. ஆனால் ஸ்பீக்கர் என்றதும் எல்லோரிடமும் ஒரே யோசனைதான் இருந்தது: "மெத்தைக்கு நடுவில வைச்சுக் கட்டிவிடுங்கோ, ஒண்டும் ஆகாது."

ஆகும். ஏன் ஆகும் என்பதை விளங்கப்படுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்னிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரண்டு நெடும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கீழ்ச்சத்தத்துக்கு ஆறரை அங்குல ஊஃபர் இரண்டு, மேல்சத்தத்துக்கு ஒரு அங்குலப் பட்டுத்துணி ட்வீட்டர் ஒன்று. உடம்பு 18 மில்லிமீற்றர் எம்டிஎஃப் என்ற செயற்கைப் பலகை. முன்முகத்தில் மட்டும் அதன் மேல் அம்மப்பா வீட்டுப் பழைய கதவிலிருந்து எடுத்த முதிரை. இவை தவிர, 12 அங்குல ஊஃபர் பூட்டிய ஒரு பெரிய சப்ஊஃபர் பெட்டி. அந்தப் பலகையின் பாரம் பலருக்குத் தெரிவதில்லை. 8க்கு 4 அடி எம்டிஎஃப் பலகை ஒன்றே 40 கிலோ வரும். வெட்டி ஒட்டி உள்ளே குறுக்குச் சட்டமும் போட்டால், நெடும் பெட்டி ஒன்று வெறுமனே 20 கிலோவைத் தாண்டும். சப்ஊஃபரைத் தனியாளாகத் தூக்க நினைக்கவே கூடாது.

இதில் எது முக்கியம் என்ற கேள்வியை முதலில் தீர்க்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் தடவிப் பார்ப்பது பெட்டியை. பொலிஷ் போட்டதும், மூலைகளை இழைத்ததும், நாள்கணக்கில் மினக்கெட்டதும் பெட்டிக்குத்தான். அதனால் பெட்டியைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று கை தானாகப் போகும். என் கட்சி நேரெதிர். பெட்டி இரண்டாம் பட்சம். அதன் அளவுகள் கொப்பியில் இருக்கின்றன. ஒரு ஊஃபருக்கு எத்தனை லீற்றர் பெட்டி வேண்டும், பெட்டிக்குள் காற்றுப் போய்வர வைக்கும் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதெல்லாம் இன்று கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். 1961இல் அவுஸ்திரேலியாவின் நெவில் தீல் தொடங்கிவைத்து, 1970களின் ஆரம்பத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் விரித்த கணக்கு அது. வீட்டு விறாந்தையில் வைத்து எங்களைப் போன்றவர்கள் ஓரளவு ஒழுங்கான ஸ்பீக்கர் செய்ய முடிவதே அந்த இரண்டு பேராலும்தான். பெட்டி உடைந்தால் அதே அளவில் இன்னொன்று செய்தால் அதே சத்தம் வரும். ஊஃபரை அப்படிச் செய்ய முடியாது. என்னுடையவை கனடாவிலிருந்து மச்சான் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தவை. அந்த வகை இப்போது உற்பத்தியிலும் இல்லை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஊஃபரும் ட்வீட்டரும், அடுத்தது சத்தத்தை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிரொஸ்ஓவர், கடைசியில் பெட்டி.

இந்த வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை. 1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். மாலையில் பிபிசி தமிழோசைக்கு எங்கள் வீட்டில் ஆள் சேரும், சுற்றுவது என் முறையாக இருக்கும். அந்த றேடியோவின் சொந்த ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதால், அப்பா வேறொரு பழைய றேடியோவிலிருந்து ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து அதில் பூட்டியிருந்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லி, புலிகள் ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் அறிவித்துக்கொண்டு போனார்கள். ஒரு சைக்கிளில் எது ஏறுமோ அதுதான் சொத்து. அப்பா அந்தப் பெட்டியை எடுக்கவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பீக்கரை மட்டும் அலுமினியச் சட்டிக்குள் கவிழ்த்து வைத்து, மேலே அம்மாவின் சேலை ஒன்றைத் திணித்துக் கட்டினார். நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் சனம் நெருக்கிக்கொண்டு நின்றபோது, அந்தச் சட்டி என் மடியில் இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது தேயிலைப் பெட்டியைக் காணவில்லை, யாரோ விறகாக்கியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் பாடியது. அப்பா வேறு பலகை தேடினார்.

சரி, மெத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரைஸும் கெலொக்கும் செய்து காட்டிய அமைப்புத்தான் அடிப்படையில் இன்றும் நம்மிடம் இருக்கும் ஸ்பீக்கர். பின்னால் பாரமான ஒரு காந்தம். முன்னால் காகிதமோ பிளாஸ்ரிக்கோ, எடையே இல்லாத ஒரு கூம்பு. கூம்பின் அடியில் ஒரு செப்புக் கம்பிச் சுருள். அந்தச் சுருள் காந்தத்தின் இடுக்குக்குள் எதையும் தொடாமல் முன்னும் பின்னும் போகவேண்டும். இரு பக்கமும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் கால்பங்கு அளவுதான் இருக்கும். சாதாரண ஊஃபரின் காந்தம் பெரைட் என்ற பீங்கான் வகை, அதை இரும்புத் தட்டுகளுக்கு நடுவே பசை போட்டுத்தான் ஒட்டியிருப்பார்கள். பெட்டி ஒரு அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் நிலைகுத்தாக விழுகிறது என்று வையுங்கள். பெட்டி நின்றுவிடும். பின்னால் தொங்கும் காந்தத்தின் பாரம் நிற்க விரும்பாது. அந்த வேகம் முழுவதையும் பிடித்து நிறுத்த வேண்டியது பசையும், எம்டிஎஃப் பலகைக்குள் இறங்கிய நாலு ஸ்க்ரூவும். எம்டிஎஃப் என்பது மரத்தை நுண்ணிய நாராக்கிப் பசையோடு அழுத்திச் செய்தது, மரத்துக்குள்ள நார் ஓட்டம் இல்லை, ஸ்க்ரூ பிடித்த இடம் பொருபொருவென்று உதிர்ந்து வந்துவிடும். பசை ஒரு நூலளவு நகர்ந்தாலே போதும், சுருள் இடுக்கின் சுவரில் உரசத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. பாட்டைப் போட்டால் கரகரக்கும்.

மெத்தை பெட்டியின் பொலிஷைக் காப்பாற்றும். காந்தத்துக்கும் கூம்புக்கும் இடையில் நடக்கும் இந்த இழுபறியில் அது தலையிடாது. தலையிடக்கூடிய வழி ஒன்றுதான், ஊஃபரையும் ட்வீட்டரையும் பெட்டியிலிருந்து கழற்றி எடுப்பது. கடையில் வாங்கிய ஸ்பீக்கரைக் கழற்றப் பலருக்குப் பயம். கையால் பூட்டியவனுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. வீட்டில் செய்த ஸ்பீக்கருக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, முகம் வானத்தைப் பார்க்க இருக்கும்போதுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். நிற்கவைத்துக் கழற்றினால் கடைசி ஸ்க்ரூவோடு ஊஃபர் மடியில் விழும். ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் காந்தம் இழுக்கும், சறுக்கினால் நேராகக் கூம்புக்குள் குத்தும். அதனால் ஒரு கையால் காட்போட் மட்டை ஒன்றைக் கூம்புக்கு மேல் பிடித்துக்கொண்டே திருகுங்கள். பவர் டிரில் வேண்டாம். கழற்றிய ஊஃபரை வெறும் நிலத்தில் வைக்கவும் வேண்டாம். இரும்புத் தூள் காந்த இடுக்குக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு, எங்கள் வலிகாமத்துச் செம்மண் தூசியையும் நான் நம்பமாட்டேன். பழைய பேப்பர் விரித்த மேசைதான் சரி. இரண்டு ஊஃபர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று இழுத்து மோதும், பெரைட் பீங்கான் என்பதால் ஓரம் சில்லுச் சில்லாக உடையும்.

வயரைக் கழற்ற முன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். படம் எடுத்தாலும் நான் ஒவ்வொரு வயர் நுனியிலும் ரேப் சுற்றி பேனையால் எழுதிவிடுவேன். கொழும்பில் போய் இறங்கிய இரவில் அலுப்போடு படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

இனி எனக்கு மிகவும் பிடித்த வேலை. கழற்றிய ஊஃபரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்து விடுங்கள். கூம்பு ஆடும்போது சுருள் காந்தப் புலத்துக்குள் அசைந்து தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். முனைகள் இணைந்திருந்தால் மின்னோட்டம் ஓடும், ஓடும் மின்னோட்டம் அந்த அசைவையே எதிர்க்கும். 1834இல் லென்ஸ் சொன்ன விதி, ஓஎல் வகுப்பில் எழுதிப் பாடமாக்கியது. நம்பிக்கை இல்லையென்றால் விரல்களைக் கூம்பின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வயர் இல்லாதபோது துள்ளும். வயர் போட்டதும் நல்லெண்ணெய்க்குள் கையை அளைந்தது மாதிரி ஒரு மந்தம் தெரியும். லொறிக் குலுக்கலில் கூம்பு நாள் முழுக்க அடித்துக்கொள்வதை இது குறைக்கும். விழுந்தால் காப்பாற்றாது. ஆனால் ஒரு சாண் வயரின் செலவில் இதைவிட என்ன எதிர்பார்க்கலாம்?

ஊஃபர்களை எப்படி வைத்தேன் என்றால், பழப்பெட்டி அளவுள்ள தடித்த அட்டைப்பெட்டியின் அடியில் ஐந்து சென்ரிமீற்றர் போம் போட்டு, காந்தம் கீழே, கூம்பு மேலே. கூம்பின் ஓரத்து இரும்பு வளையத்தில் மட்டும் உட்காரும்படி ஒரு பிளைவுட் வட்டம் வெட்டி, அதே ஸ்க்ரூ ஓட்டைகளுக்குள் போல்ட் விட்டு இறுக்கினேன். கூம்பையோ அதைச் சுற்றியுள்ள ரப்பரையோ எதுவும் தொடாது. பபிள் ஷீட்டை நேராகக் கூம்பின் மேல் வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே இன்னொரு பாரம் ஏறினால் அந்த பபிள் ஷீட்டே கூம்பை உள்ளே தள்ளிவிடும். ட்வீட்டருக்கு வேலை இன்னும் சுலபம். அதன் குமிழ் பட்டுத்துணி, அதை நசுக்க ஒரு குழந்தையின் விரல் போதும். தயிர்க் கோப்பையின் பிளாஸ்ரிக் மூடி ஒன்றைக் கவிழ்த்து, ஓரத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டினால் போதுமானது. குமிழுக்கு மேல் வெறுமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போம் பற்றி ஒரு வார்த்தை. மென்மையாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்பு. பாரமான சாமானுக்கு அது பொருந்தாது. மெத்தைப் போமின் மேல் 20 கிலோ ஏறினால் அது முழுக்க அமுங்கிவிடும், பிறகு அங்கே போம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பாரம் வைத்ததும் கொஞ்சமாக இறங்கி, மிச்சம் இறங்க இடம் வைத்திருக்கும் போம்தான் அடியைத் தாங்கும். சிறுபிள்ளைகள் விளையாட நிலத்தில் கோத்து விரிக்கும் தடித்த ஈவிஏ பாய் இதற்கு நல்ல சாமான், மருதனார்மடத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். ரிஜிபோமும் பரவாயில்லை, ஆனால் ஒருமுறை நசிந்தால் அது திரும்பி எழாது. ஒரு பயணத்துக்கு மட்டும் போதும்.

கிரொஸ்ஓவரைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அந்தப் பலகையில் பெரிய செப்புச் சுருள்கள் இருக்கும், சில அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். பெரும்பாலும் சூட்டுப் பசையால் ஒட்டியிருப்போம். வெயிலில் நிற்கும் லொறியில் தறப்பாளுக்குக் கீழே இருக்கும் சூட்டில் அந்தப் பசை இளகும். சுருள் கழன்றால் பெட்டிக்குள் உருண்டு ஊஃபரின் முதுகில் அடிக்கும். எனக்குத் தெரிந்த பொடியன் ஒருவன் வவுனியாவுக்கு வீடு மாறியபோது சரியாக இதுதான் நடந்தது. வெளியிலிருந்து பாதுகாப்பு எல்லாம் பிரமாதம், அடி வந்தது உள்ளேயிருந்து. நான் பலகையோடு கழற்றி, ஒவ்வொரு சுருளையும் பிளாஸ்ரிக் கேபிள் ரையால் இரண்டு இடத்தில் கட்டி, என் உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்பிளிபயர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரின் போல்ட்டை இறுக்குங்கள், மடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

இனி வெறும் பெட்டி. ஊஃபர் இருந்த ஓட்டைகளை மட்டையால் மூடினேன். மூடாவிட்டால் கரப்பானும் பல்லியும் குடியேறும், அவற்றைக் கொழும்பு வரை இலவசமாகக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. அதற்கு மேல் முதலில் பருத்தித் துணி. இது கட்டாயம். பொலிஷ் போட்ட பலகையில் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றினால், சூட்டில் அந்தக் குமிழ்களின் அச்சு வட்டம் வட்டமாகப் பொலிஷில் பதிந்துவிடும். அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளும் என்னுடைய சாறங்களும் போயின. அம்மா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "கலியாணத்துக்கு உன்ர மனிசிக்குக்கூட நான் இவ்வளவு வடிவாச் சேலை சுத்தி விடேல்ல." மனைவி உள்ளேயிருந்து, "இஞ்சருங்கோ, என்ர கண்ணாடிச் சாமானுக்கும் ரெண்டு சேலை மிச்சம் வையுங்கோ" என்றாள்.

எம்டிஎஃப் பெட்டிக்கு உயிர் மூலையில்தான். பலகையின் நடுவில் அடி விழுந்தால் ஒன்றும் ஆகாது, மூலையில் விழுந்தால் நொறுங்கும். எனவே எட்டு மூலைக்கும் ஈவிஏ பாயை முக்கோணமாக மடித்து வைத்து ரேப் சுற்றினேன், நடுப்பகுதிக்கு ஒரு சுற்று மட்டை போதும். அடியில் பூட்டியிருந்த கூர்க்கால்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை போமையும் பிறருடைய கால்விரலையும் துளைக்கும். எம்டிஎஃப் தண்ணீர் குடித்தால் தண்ணீரில் போட்ட பாண் மாதிரி ஊதிவிடும், திரும்பிச் சுருங்காது. ஆகவே கடைசிச் சுற்று பொலித்தீன். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, வாடைக் காற்றும் மழையும் தொடங்க முன்னர் புறப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும், லொறி சுற்றிச் சுற்றி அலையும் என்பது இன்னொரு காரணம்.

முதிரை முகத்துக்குத் தனிக் கதை. மரம் நாரின் நீளத்துக்கு அசையாது, குறுக்காக விரியும், சுருங்கும். யாழ்ப்பாணத்துச் சோளகத்தில் காய்ந்து இறுகிய பலகை, கொழும்பின் ஈரக்காற்றில் விரியப் பார்க்கும். எம்டிஎஃப் அதே அளவில் விரியாது. இரண்டையும் பசை போட்டு ஒன்றாக்கியிருந்தால் ஏதோ ஒன்று வெடிக்கும். நல்லவேளை, அதைச் செய்யும்போதே எங்கள் ஒழுங்கை ஓடாவியார் எச்சரித்திருந்தார்: "பலகைக்கு அசைய இடம் குடுக்கோணும் தம்பி. இறுக்கினியோ, ஒண்டில் தான் வெடிக்கும், இல்லாட்டி மற்றதை வெடிக்கப்பண்ணும்." அவர் சொன்னபடி பின்பக்கத்திலிருந்து நீள் ஓட்டை போட்டு ஸ்க்ரூவால் பிடித்திருந்தது, நடுவில் மெல்லிய ரப்பர் பட்டி. பயணத்துக்கு முன் அந்த ஸ்க்ரூக்களைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.

எல்லாம் கட்டிய பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி கட்டினேன். ஊஃபரைக் கழற்றிய பிறகு இந்த வேலையில் இன்னும் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். சாமான் உடைவது பெரும்பாலும் வீதியில் இல்லை, ஆட்களின் கையில். வழுவழுப்பான பொலித்தீன் சுற்றிய, பிடிக்க இடமில்லாத, ஒருவருக்கு அதிகமாகவும் இருவருக்குச் சங்கடமாகவும் உள்ள பெட்டியைக் கீழே போட்டவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஒழுங்கைக்குள் பெரிய லொறி வராது. பட்டா என்ற சின்ன லொறியில் ஏற்றி, பள்ளமும் திட்டியுமான ஒழுங்கையால் போய், கே.கே.எஸ். வீதியில் வைத்து மாற்ற வேண்டும். அதாவது இரண்டு ஏற்றம், ஒரு இறக்கம், அதுவும் ஊரை விட்டுப் புறப்பட முன்னரே. தெற்கே போகும் ஏ9 பெருவீதி இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது, என் பயம் முழுவதும் அந்த ஒழுங்கையில்தான் இருந்தது. தூக்க வந்த பொடியன் ஒருவன் கேட்டான்: "உது என்ன ஐயா, கல்லோ?" ஸ்பீக்கர் பெட்டி என்றேன். "பாடுமோ?" "இப்ப பாடாது, வெறும் பெட்டி." வெறும் பெட்டிக்கா இவ்வளவு சேலை என்று அவன் நினைத்ததை முகத்தில் பார்த்தேன்.

லொறி, ரிட்டேர்ன் லொறி. கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் போகும்போது கிடைத்ததை ஏற்றுகிறவர்கள். முந்திய பயணமொன்றில் சின்ன வெங்காயம் ஏற்றியிருக்க வேண்டும், தட்டு முழுக்க அந்த மணம். வாடகை குறைவு, ஆனால் எங்கே வைப்பது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. லொறியின் பின் ரயருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் அதிகம் துள்ளும். முன்னும் பின்னும் உள்ள ரயர்களுக்கு நடுப்பட்ட இடம் கொஞ்சம் அமைதியானது. கடைசியாக வருகிற சாமான் கதவடிக்குப் போகும் என்பதால், ஸ்பீக்கர் பெட்டிகளை முதலிலேயே ஏற்றி, சாரதியின் முதுகுப் பக்கச் சுவரோடு சேர்த்து, நிமிர்த்தி, முகம் முகத்தைப் பார்க்க, நடுவே மெத்தை ஒன்றை நிற்கவைத்துக் கட்டினோம். பார்த்தீர்களா, கடைசியில் மெத்தையும் வந்துவிட்டது. அதன் வேலை பெட்டிகளைச் சரியவிடாமல் பிடிப்பது மட்டும். கயிற்றை மூலையில் நேராக இறுக்காமல் மட்டை வைத்து இறுக்கச் சொல்லி நான் நச்சரித்ததில், சாரதி அண்ணைக்குச் சலிப்பு வந்துவிட்டது. "தம்பி, நான் இதுக்குள்ள கண்ணாடி அலுமாரி கொண்டு போயிருக்கிறன்" என்றார். சரி அண்ணை, அப்படியென்றால் இதுவும் போகும் என்றேன். மட்டையை வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஊஃபர்களும் ட்வீட்டர்களும் எங்களோடு வானில் வந்தன. லொறி இரவோடு இரவாகப் புறப்பட்டது, வெயில் இல்லை என்பதால் எனக்கு அது விருப்பம். முறிகண்டியில் வழக்கம்போல் எல்லா வாகனமும் நின்றது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். லொறியின் தறப்பாளைத் தூக்கி ரோச் அடித்துக் கயிறைப் பார்த்தேன். மெத்தை சற்று இறங்கி, கயிறு தளர்ந்துதான் இருந்தது. போம் எதுவானாலும் முதல் சில மணித்தியாலக் குலுக்கலில் படிந்துவிடும், அதற்குப் பிறகு ஒருமுறை இறுக்க வேண்டும். கிளிநொச்சியைத் தாண்டியதும் நின்றதற்குப் பிள்ளையாருக்கு நன்றி. பிறகு வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம். சிலாபத்தில் விடிந்தது.

தெஹிவளையில் மின்தூக்கி இருந்தது, ஆனால் நெடும் பெட்டி மூலைப் போமோடு அதற்குள் நுழையவில்லை. படியால் தூக்கினார்கள், கயிற்றுப் பிடி அங்கேதான் தன் விலையைக் காட்டியது. ஒரு பெட்டி படி மூலையில் நன்றாகவே முட்டியது. அவிழ்த்துப் பார்த்தால் ஈவிஏ கிழிந்திருந்தது, பலகையில் ஒன்றும் இல்லை.

உடனே பூட்டவில்லை. பெட்டிகளை ஒன்றிரண்டு நாள் அறைக் காற்றில் விட்டேன். ஊஃபர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இணைத்த வயரைக் கழற்றி, கூம்பைச் சமமாக அழுத்தி, காதைக் கிட்டே வைத்து உரசல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மல்டிமீற்றர். 8 ஓம் என்று எழுதிய ஊஃபர் 6 ஓமுக்குக் கிட்டக் காட்டினால் அது சரியான கணக்குத்தான், பயப்பட வேண்டியதில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால்தான் பிரச்சினை. துருவம் சந்தேகம் என்றால் ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றின் நேர்முனையைச் சிவப்பில் ஒரு கணம் தொட்டால், கூம்பு வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம். ஸ்க்ரூவை எம்டிஎஃப் ஓட்டையில் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பழைய புரியில் அது 'டிக்' என்று விழும், அதன் பிறகு வலப்பக்கம். அப்படிச் செய்யாமல் நேராக இறுக்கினால் புதுப்புரி வெட்டும், இரண்டு தடவைக்கு மேல் எம்டிஎஃப் அதைத் தாங்காது.

பாடின. கொங்கிரீட் அறையில் கீழ்ச்சத்தம் கொக்குவிலை விட அதிகமாக முழங்கியது. எங்கள் ஓட்டுக் கூரையும் திறந்த விறாந்தையும் விழுங்கிய சத்தத்தை இங்கே விழுங்க எதுவும் இல்லை. காற்றுக் குழாய்க்குள் காலுறை ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு அது போதும்.

12 அங்குல சப்ஊஃபரின் பெட்டி வரவில்லை. ஊஃபரை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தேன், அந்தப் பெரிய பெட்டிக்கு லொறியில் கொடுக்கும் இடத்துக்கு மனைவியின் மேசை வந்தது. போன கிழமை அம்மா போன் எடுத்தார். "தம்பி, உந்தப் பெட்டி ஓட்டையால கோழி உள்ளுக்க போய் அடை இருக்கு. இனி வந்து கேட்காதை." கேட்கப் போவதில்லை. புதுப் பெட்டிக்கு வரைபடம் போட்டாயிற்று. இந்த முறை எம்டிஎஃப் இல்லை, 18 மில்லிமீற்றர் பிளைவுட். பாரம் குறைவு, மூலை நொறுங்காது, ஸ்க்ரூவையும் நன்றாகப் பிடிக்கும். ஊஃபருக்கு மரத்தில் ஸ்க்ரூ ஏற்றாமல் பின்னால் டி நட் என்ற, உள்ளே புரி உள்ள இரும்பு நட்டைப் பதித்து போல்ட் போடப் போகிறேன், எத்தனை தடவை கழற்றினாலும் ஓட்டை தேயாது. கிரொஸ்ஓவர் வெளியே தனிப் பெட்டியில். இரண்டு பக்கமும் கைபிடி வெட்டி, உள்ளே காற்று ஒழுகாமல் மூடிவிட வேண்டும். மின்தூக்கியின் கதவு அகலத்தையும் இந்த முறை அளந்து கொப்பியில் எழுதியிருக்கிறேன்.